பாலத்தின் மேல் நான்கு தண்டவாளம் ஏன்?



ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் நம் கடைவீதியில் இரண்டு புலம்பல்கள் தவறாமல் கேட்கும். "பாம்பனில் காற்று என்று ரயிலை நிறுத்திவிட்டார்கள், கொள்முதலுக்கு வரவேண்டிய ராமேஸ்வரம் கடைக்காரர் வரவில்லை" என்பார் ஒருவர். "ரயில் பாலத்துக்கு முன்னால் இரும்புச் சட்டம் நிறுத்தியிருக்கிறார்கள், லோடு லாரி நுழைய முடியாமல் ஊரைச் சுற்றி வந்தது, டீசல் காசு யார் கொடுப்பது?" என்பார் இன்னொருவர். சங்கத்தின் சார்பில் மனுக் கொடுத்து அந்தச் சட்டத்தை எடுக்கச் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தும் உறுப்பினர்களும் உண்டு.

மனுக் கொடுப்பது சங்கத்தின் உரிமை. நியாயமான குறை எதுவானாலும் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு பொருளை எடுக்கச் சொல்வதற்கு முன், அதை எதற்காக வைத்தார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. நாம் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்து உட்கார்ந்தவர்கள். பொறியியல் நமக்குத் தெரியாது. ஆனால் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர்கள் நம் ஊரில் நிறைய. அவர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை நம் உறுப்பினர்களுக்குப் புரியும் வகையில் இங்கே எழுதுகிறோம்.

காவல் தண்டவாளம்

ரயில் பாலத்தை உற்றுப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். சாதாரணத் தரையில் ஒரு ரயில் பாதைக்கு இரண்டு தண்டவாளம்தான். பாலத்தின் மேல் மட்டும் அந்த இரண்டுக்கும் நடுவில் இன்னும் இரண்டு தண்டவாளங்கள் கிடக்கும். அந்த உள் தண்டவாளங்கள் துருப்பிடித்துக் கறுத்திருக்கும். வெளித் தண்டவாளங்கள் சக்கரம் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் மின்னும். அதாவது உள்ளே இருக்கும் இரண்டின் மீதும் எந்த ரயிலும் ஓடுவதில்லை. பிறகு ஏன் இந்த வீண் இரும்பு?

இதற்குக் 'கார்டு ரெயில்' என்று பெயர். காவல் தண்டவாளம் என்று நாம் சொல்லலாம். ரயில் சக்கரத்தின் உட்புறத்தில் ஒரு விளிம்பு உண்டு. அந்த விளிம்புதான் சக்கரம் தண்டவாளத்தை விட்டு விலகாமல் பிடித்துக்கொள்கிறது. ஏதோ ஒரு காரணத்தால் அந்த விளிம்பு தண்டவாளத்தின் மேலேறிவிட்டால் சக்கரம் தடம் புரளும். தரையில் இது நடந்தால் பெட்டி ஜல்லியில் இறங்கி இழுபட்டு நிற்கலாம். பாலத்தின் மேல் நடந்தால்? பக்கத்தில் கரை இல்லை, கீழே ஆறு.

ஒரு பெட்டியின் சக்கரங்கள் இடது பக்கம் விலகுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இடது சக்கரம் இடது தண்டவாளத்துக்கு வெளியே விழும். அதே அச்சில் இருக்கும் வலது சக்கரம், வலது தண்டவாளத்துக்கு உட்புறம் விழும். அது விழும் இடத்தில், ஓடும் தண்டவாளத்துக்கும் காவல் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. அகலப் பாதையில் இந்தச் சந்து ஏறத்தாழ 250 மில்லிமீட்டர், அதாவது கால் மீட்டர். விழுந்த சக்கரம் இன்னும் இடது பக்கம் நகரப் பார்த்தால் காவல் தண்டவாளம் குறுக்கே நின்று தடுக்கும். வலது சக்கரம் நகர முடியாவிட்டால் இடது சக்கரமும் நகர முடியாது. இரண்டும் ஒரே அச்சில் இறுகியவை அல்லவா? ஆகவே தடம் புரண்ட பெட்டி பாலத்தின் விளிம்புக்குப் போகாமல், கட்டைகளின் மேல் தடதடவென்று ஓடி, பாதையை ஒட்டியே போய் நிற்க வழியுண்டு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். காவல் தண்டவாளம் ரயில் தடம் புரள்வதைத் தடுப்பதில்லை. அது அதன் வேலையும் அன்று. தடம் புரண்ட பிறகு, அந்தக் கேடு பெருங்கேடு ஆகாமல் தடுப்பதே அதன் வேலை. வளைவுகளிலும், தண்டவாளங்கள் பிரியும் இடங்களிலும், லெவல் கிராசிங்கிலும் ஓடும் தண்டவாளத்தை மிக நெருங்கி ஒரு துண்டுத் தண்டவாளம் இருக்கும். அது 'செக் ரெயில்', வேறு வேலைக்கானது. இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது.

கூம்பிய முனையின் இரகசியம்

காவல் தண்டவாளம் பாலத்தின் மேல் மட்டும் இருந்தால் போதாது. பாலத்துக்கு முன்பே ஒரு பெட்டி தடம் புரண்டு, அப்படியே இழுபட்டு வந்தால் என்ன ஆகும்? அதற்காகவே இரண்டு காவல் தண்டவாளங்களும் பாலத்தைத் தாண்டித் தரைக்கு வந்து, மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்கி, பாதையின் நடுவில் கூம்பி முடிகின்றன. விலகி வரும் சக்கரம் அந்தக் கூம்பின் ஏதாவது ஒரு பக்கத்தில் படும். பட்டதும், புனல் வாயில் விழுந்த தானியம்போல் தானாக வழிகாட்டப்பட்டு, தண்டவாளத்துக்குப் பக்கத்திலுள்ள சந்துக்குள் வந்து சேரும்.

அந்த முனையும் சும்மா வெட்டி விடப்பட்டதன்று. கீழ்நோக்கி வளைத்துப் புதைத்து, அங்கே ஒரு மரக்கட்டையும் பொருத்துவார்கள். பெட்டியிலிருந்து தொங்கும் சங்கிலியோ கொக்கியோ அந்த முனையில் மாட்டி, புதிதாக ஒரு விபத்து ஆகிவிடக் கூடாது என்பதற்காக. காவல் தண்டவாளம் ஓடும் தண்டவாளத்தைவிட 25 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்ந்துவிடக் கூடாது என்றும் கணக்கு வைத்திருக்கிறார்கள். தாழ்ந்துவிட்டால் சக்கரம் அதன் மேலும் ஏறித் தாண்டிவிடும். ஓர் இரும்புத் துண்டுக்குப் பின்னால் எத்தனை யோசனை பாருங்கள்.

வியாபாரிக்கு எடைக் கணக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளம் என்று வைத்துக்கொண்டால், 100 மீட்டர் பாலத்துக்கு இரண்டு வரிசைக் காவல் தண்டவாளம் 10,400 கிலோ. பத்து டன்னுக்கு மேல் இரும்பு. அதன் ஆயுள் முழுவதும் ஒரு சக்கரம்கூட அதன்மேல் படாமலே போகலாம். அப்படிப் போனால்தான் எல்லோருக்கும் நல்லது.

கட்டை, கொக்கி போல்ட், உருளை

தடம் புரண்ட சக்கரம் எதன் மேல் ஓடும்? தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளின் மேல்தான். கட்டைகளுக்கு நடுவே அகலமான இடைவெளி இருந்தால் சக்கரம் அதில் இறங்கி மாட்டிக்கொள்ளும். எனவே இரும்புக் கர்டர் பாலங்களில் கட்டைகளை நெருக்கமாக அடுக்குகிறார்கள். முன்பு தேக்கு, சால் போன்ற மரக்கட்டைகள். இப்போது பெரும்பாலும் இரும்புக் கட்டைகள்.

அந்தக் கட்டைகளைக் கர்டரோடு பிடித்து வைப்பது கொக்கி போல்ட். கொக்கிப் பகுதி கீழே கர்டரின் விளிம்பைக் கவ்வியிருக்கும். மேலிருந்து பார்ப்பவருக்குக் கொக்கி தெரியாது. அது திரும்பிப் பிடி விட்டிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்காக போல்ட்டின் தலையில் ஒரு அம்புக்குறி வெட்டியிருக்கிறார்கள். அம்பு சரியான திசையைக் காட்டினால் கொக்கி பிடித்திருக்கிறது. வேறு பக்கம் திரும்பியிருந்தால் பிடி விட்டுவிட்டது. பாதை பார்க்கும் ஊழியர் குனிந்து பார்க்காமலே நடந்தபடி தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது வெயில். நம் மதுரை வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. 30 மீட்டர் நீளமுள்ள இரும்புக் கர்டர், 30 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளும். இரவில் குளிர்ந்தால் சுருங்கும். இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டிவிட்டால் கர்டர் தூணைத் தள்ளும் அல்லது தானே முறுக்கிக்கொள்ளும். அதனால் ஒரு முனையை நிலையாக வைத்து, மறுமுனையை நகரக்கூடிய தாங்கியின் மேல் உட்கார வைக்கிறார்கள். பெரிய கர்டர்களுக்கு இந்தத் தாங்கி உருளை வடிவில் இருக்கும். இதற்குக் கிரீஸ் போடாமல் விட்டால் துருவேறி இறுகிவிடும். போட்டது போட்டபடி இருந்தால் போதும் என்று எந்தப் பாலத்தையும் விட்டுவிட முடியாது.

காற்று என்னும் எதிரி

இனி நம் ராமேஸ்வரம் வாடிக்கையாளரின் புலம்பலுக்கு வருவோம். காற்றுக்காக ரயிலை நிறுத்துவது அதிகாரிகளின் பயந்த சுபாவமா?

1879-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி இரவு, ஸ்காட்லாந்தில் டே என்னும் ஆற்றின் அகன்ற முகத்துவாரத்தின் மேல் பெரும்புயல் வீசியது. அங்கே கட்டப்பட்டு இரண்டு ஆண்டுகூட ஆகாத நீண்ட ரயில் பாலத்தின் நடுப்பகுதி, ரயில் அதன்மேல் போய்க்கொண்டிருக்கும்போதே சரிந்தது. ரயிலில் இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. காற்றின் பக்கவாட்டு அழுத்தத்தைப் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்பதும், வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு மூன்றிலும் கோளாறு என்பதும் விசாரணையில் வெளியாயின. அதன் பிறகுதான் பாலம் கட்டும்போது காற்றுக்கென்று தனி அழுத்தக் கணக்கு போடுவது பிரிட்டனில் கட்டாயமாயிற்று.

அது சீமையில் நடந்தது என்று விட்டுவிட வேண்டாம். 1988-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி, பெங்களூரிலிருந்து கன்னியாகுமரி நோக்கி வந்த ஐலண்டு எக்ஸ்பிரஸ், கொல்லத்துக்கு அருகில் பெருமண் பாலத்தில் தடம் புரண்டு, அதன் பெட்டிகள் அஷ்டமுடி ஏரியில் விழுந்தன. 105 பேர் இறந்தனர். திடீர்ச் சூறைக்காற்றே காரணம் என்று அதிகாரபூர்வமான விசாரணை சொன்னது. அங்குள்ள மக்களில் பலர் அதை ஏற்கவில்லை. காரணம் எதுவானாலும், பாலத்தின் மேல் தடம் புரள்வது தரையில் தடம் புரள்வது போன்றதன்று என்பதற்கு நமக்கு மிகப் பக்கத்தில் கிடைத்த சாட்சி அது.

காற்றில் ஒரு கணக்கு உண்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. கொஞ்சம்தானே கூடியிருக்கிறது என்று காற்றோடு பேரம் பேச முடியாது. அதிலும் காலிப் பெட்டி, பாரமேற்றிய பெட்டியைவிட எளிதில் சாயும்.

பாம்பனின் பழைய ரயில் பாலம் 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி திறக்கப்பட்டது. கடலுக்குள் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 143 தூண்கள். நடுவில் கப்பல் போக வழிவிடும் தூக்குப் பாலம், ஷெர்சர் என்னும் அமெரிக்கப் பொறியாளரின் முறைப்படி அமைந்தது. அந்தப் பாலத்தில் பிற்காலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவியைப் பொருத்தினார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டியதும் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். ஸ்டேஷன் மாஸ்டர் அனுமதிக்கலாமா வேண்டாமா என்று தயங்க வேண்டியதில்லை. பயணிகள் அவசரப்படுத்தினாலும், மேலிடத்திலிருந்து கேட்டாலும் கருவி இரங்காது. அந்த இரக்கமின்மைதான் நம்மைக் காப்பாற்றுவது.

1964-ஐ மறக்கலாமா?

நம் வயதுக்காரர்களுக்கு 1964 டிசம்பரை நினைவூட்ட வேண்டியதில்லை. இளைய வியாபாரிகளுக்காகச் சொல்கிறோம். டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி என்னும் துறைமுக ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயில், ஊரை நெருங்கும் தறுவாயில் கடலலையால் அடித்துச் செல்லப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த ரயில் அப்போது பாலத்தின் மேல் இல்லை, பாலத்தைத் தாண்டிய தீவின் மணற்பாதையில் இருந்தது. காற்றும் கடலும் சேர்ந்து எழும்போது, தரையில் நிற்கும் ரயிலுக்கே அந்தக் கதி என்றால், நடுக்கடலில் ஒரு பாலத்தின் மேல் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பாலமும் தப்பவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலில் விழுந்தன. நடுவிலிருந்த தூக்குப் பாலம் மட்டும் நின்றது. சீரமைக்கும் பொறுப்பு ஈ.ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் அமைத்துப் பெயர் பெற்றவர் இவர்தான். கடலில் விழுந்த கர்டர்களை மீனவர்களின் உதவியோடு கண்டுபிடித்து, தூக்கி, மீண்டும் பொருத்தி, 46 நாட்களில் பாலத்தை ஓடவிட்டார். கெட்டிக்காரத்தனமான வேலை என்று எல்லோரும் புகழ்ந்தார்கள், புகழ வேண்டியதுதான். ஆனால் பாலத்தை 46 நாளில் மீட்கலாம், மாண்ட உயிர்களை மீட்க முடியாது.

வெள்ளம் வந்தால்

நம் சமவெளியில் கடற்காற்றைவிடப் பெரிய ஆபத்து வெள்ளம். வைகையில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். ஆனால் இந்த மாதிரி ஆறுகள்தான் ஒரே இரவில் ஏமாற்றும்.

1956-ஆம் ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகர் அருகே ஒரு பாலம் சரிந்து, ரயிலில் வந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மூன்று மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலையில், சென்னையிலிருந்து நம் தென்மாவட்டத்துக்கு வந்துகொண்டிருந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்தில் விழுந்தது. ஏறத்தாழ 150 பேர் இறந்தனர். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அந்த ராஜினாமாவை நாடே இன்றும் பேசுகிறது. ஆனால் அந்த விபத்து சொன்ன பாடத்தை, பாலங்களைக் காக்கும் ஊழியர்கள்தான் ஒவ்வொரு மழைக்காலத்திலும் மறக்காமல் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பாடம் இதுதான். வெள்ளத்தில் பாலம் மேலே பார்க்க நன்றாகவே இருக்கும். கேடு அடியில் நடக்கும். தண்ணீர் தூணில் மோதிச் சுழன்று, தூணைச் சுற்றியுள்ள மணலை அரித்துக் குழி பறிக்கும். அடிமண் போனால் தூண் நிற்காது. திருச்சியில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த பழைய இரும்புச் சாலைப் பாலத்தை நம்மில் பலரும் கடந்திருக்கிறோம். 2018 ஆகஸ்டில் வெள்ளம் பெருகியபோது அதன் தூண்கள் சரிந்து ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. அதற்கு முன்பே போக்குவரத்தை நிறுத்திவிட்டிருந்ததால் உயிர்கள் தப்பின.

எனவே ரயில் பாலத் தூணில் அபாய அளவைக் கோடு போட்டுக் குறித்து வைத்திருக்கிறார்கள். தண்ணீர் அதைத் தொட்டால் ரயிலை விடக் கூடாது. ஆபத்தான பாலங்களுக்கு மழைக்காலத்தில் இரவும் பகலும் காவலாள் உண்டு. பாதை நெடுகக் கைவிளக்கோடு நடந்து பார்க்கும் ரோந்துப் பணியாளர்களும் உண்டு. பாதை அரித்துக் கிடக்கக் கண்டால் அவர் என்ன செய்வார்? தண்டவாளத்தின் மேல் 'டெட்டனேட்டர்' என்னும் சிறு வெடிகளை வைப்பார். அகலப் பாதையில் ஆபத்தான இடத்திலிருந்து 600 மீட்டர் தள்ளி ஒன்று, 1,200 மீட்டர் தள்ளி மூன்று. சக்கரம் ஏறியதும் அது பெரிய சத்தத்தோடு வெடிக்கும். மழையிலும் இருட்டிலும் விளக்கு தெரியாவிட்டாலும், வெடிச் சத்தம் கேட்ட ஓட்டுநர் ரயிலை நிறுத்திவிடுவார். இரவு இரண்டு மணிக்குக் கொட்டும் மழையில் அந்த ஒரு மனிதர் நடப்பதால்தான், நாம் மேல் பெர்த்தில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு சென்னைக்குப் போகிறோம்.

மழைக்குப் பிறகும் வேலை முடிவதில்லை. ஆண்டுதோறும் ஒவ்வொரு பாலத்தையும் பொறியாளர் நேரில் பார்த்து, அதன் நிலையை எழுதி வைக்க வேண்டும். நாம் ஆண்டுக்கொரு முறை சரக்கு இருப்பெடுப்பது போலத்தான் இதுவும்.

கணக்குப் பார்ப்பவர் வேறு, தணிக்கை செய்பவர் வேறு

பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அருகிலேயே புதிய பாலம் எழும்பி, 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. இதில் 18.3 மீட்டர் நீளமுள்ள 99 கண்களும், கப்பலுக்கு வழிவிட மின்தூக்கி போல நேர்மேலே எழும்பும் 72.5 மீட்டர் கண் ஒன்றும் உள்ளன. அந்தப் பெரிய கண் 17 மீட்டர் உயரத்துக்கு மேலேறும்.

இதில் வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. புதிய பாதையோ பாலமோ எதுவானாலும், ரயில்வே பாதுகாப்பு ஆணையர் பார்த்துச் சம்மதித்த பின்பே பயணிகள் ரயில் ஓடலாம். இந்த ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவர் அல்லர், விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். கணக்கு எழுதுபவரே தணிக்கையும் செய்தால் எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியாதா? அதனால்தான் இந்த ஏற்பாடு. புதிய பாம்பன் பாலத்தைப் பார்த்த ஆணையர், 2024 நவம்பரில் கொடுத்த அறிக்கையில் திட்டமிட்ட விதத்தையும், துருப்பிடிக்கும் அறிகுறிகளையும் சுட்டிக்காட்டினார். பாலத்தில் 75 கிலோமீட்டர் வேகமும், தூக்குக் கண்ணில் 50 கிலோமீட்டர் வேகமுமே அனுமதித்தார். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய புத்தம் புதிய பாலத்தையே ஒருவர் வந்து குறை சொல்லலாம், அதை எழுத்தில் வைக்கலாம் என்பது நம் நாட்டில் நல்ல வழக்கம். குறை சொன்னவர் மேல் வருத்தப்படுவதைவிட, குறை தீர்ந்ததா என்று கேட்பதே பொறுப்புள்ள குடிமக்களின் வேலை.

இரும்புச் சட்டம் யாரைக் காக்கிறது?

இப்போது நம் லாரிக் கதைக்கு வருவோம். சாலை கீழேயும் ரயில் மேலேயும் போகும் இடங்களில், பாலத்துக்குச் சற்று முன்னால் இருபுறமும் இரும்புச் சட்டம் நிறுத்தியிருப்பார்கள். 'ஹைட் கேஜ்' என்று பெயர். லோடு உயரமாக இருந்தால் முதலில் அந்தச் சட்டத்தில் இடிக்கும். பாலத்தில் இடிக்காது.

லாரியைப் பாலத்திலிருந்து காப்பாற்றத்தான் அந்தச் சட்டம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அது பாலத்தை லாரியிடமிருந்து காப்பாற்ற வைத்தது. பத்து டன், பதினைந்து டன் லோடு லாரி வேகமாக வந்து கர்டரின் பக்கவாட்டில் இடித்தால், கர்டர் இருக்கையிலிருந்து நகரலாம். கர்டர் நகர்ந்தால் மேலே தண்டவாளம் வளையும். லாரி டிரைவர் இறங்கி, கிழிந்த தார்ப்பாயையும் உடைந்த பெட்டிகளையும் பார்த்துக்கொண்டிருப்பார். பத்து நிமிடத்தில் மேலே வரும் ரயிலின் டிரைவருக்கு எதுவும் தெரியாது. காவல் தண்டவாளம் எவ்வளவுதான் காத்தாலும், அடியிலிருந்து பாலமே நகர்ந்தால் அது என்ன செய்யும்?

ஆகவே அந்தச் சட்டத்தை எடுக்கச் சொல்லி நம் சங்கம் மனுக் கொடுப்பது சரியன்று என்பது நம் கருத்து. மனுக் கொடுப்பதானால் வேறு விதமாகக் கொடுப்போம். "உயர அளவை எழுதிய பலகையைச் சட்டத்துக்கு அருகில் மட்டும் வைக்காமல், லாரி திரும்பிப் போக வசதியுள்ள முந்தைய சந்திப்பிலும் வையுங்கள். எழுத்து அழிந்த இடங்களில் பெரிதாகத் தமிழில் எழுதுங்கள். சுற்றுப்பாதையைக் காட்டும் பலகை வையுங்கள். இரவில் தெரிய வெளிச்சம் போடுங்கள்." இப்படிக் கேட்டால் டீசலும் மிச்சமாகும், பாலமும் பிழைக்கும்.

நம்மால் ஆனவை

கேட்பதோடு நில்லாமல் நாமும் சிலவற்றைச் செய்ய வேண்டும்.

1. லாரியில் பஞ்சு, வெங்காயம், காலி அட்டைப்பெட்டி போன்ற இலேசான சரக்கைக் கேபினுக்கு மேல் ஏற்றுவது நம் வழக்கம். லோடு ஏற்றி முடிந்ததும் உயரத்தை ஒரு கோலால் அளந்து, டிரைவரிடம் எழுதிக் கொடுப்போம். அளக்க இரண்டு நிமிடம் போதும்.

2. எந்த வண்டியானாலும், ரயில் வேகனானாலும், பாரம் ஒரு பக்கமாகச் சாயாமல் இருபுறமும் சமமாக ஏற்றச் சொல்வோம். ஒரு பக்கம் பாரம் குறைந்த வேகனின் சக்கரம் எளிதில் தண்டவாளத்தின் மேலேறும். கூடுதலாக நாலு மூட்டை ஏற்றுவதில் கிடைக்கும் இலாபம் பெரிதன்று.

3. மார்க்கெட்டில் அழுகிய சரக்கையும், கிழிந்த சாக்கையும், பிளாஸ்டிக் கழிவையும் வைகையிலும் கிருதுமாலிலும் மழைநீர் வாய்க்கால்களிலும் கொட்டும் பழக்கத்தை விடுவோம். ரயில் பாதைக்கு அடியில் போகும் சிறு பாலங்களின் கண்கள் அடைபட்டால், தண்ணீர் பாதையின் கரை மேல் ஏறி மண்ணை அரிக்கும். பெரிய பாலத்துக்குக் காவலாள் உண்டு. சிறு பாலத்துக்கு நாம்தான் காவலாள்.

4. பாலத் தூண்களின் அருகே மணல் அள்ளுவதைக் கண்டால் பேசாமல் போக வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறது என்று அந்த மணலை வாங்கிக் கிட்டங்கி கட்டவும் வேண்டாம்.

5. ஏதாவது வண்டி ரயில் பாலத்தில் இடித்துவிட்டால், நம் வண்டியானாலும் சரி, அடுத்தவர் வண்டியானாலும் சரி, அபராதத்துக்குப் பயந்து நழுவாமல், உடனே பக்கத்து ரயில் நிலையத்துக்கோ 139 என்ற எண்ணுக்கோ சொல்லுங்கள். பாலத்தின் மேல் அதன் எண்ணை எழுதியிருப்பார்கள். அந்த எண்ணையும் சேர்த்துச் சொன்னால் எந்த இடம் என்று உடனே விளங்கும்.

செலவா, முதலா?

கிட்டங்கியில் மூட்டையைத் தரையில் நேராக அடுக்காமல் கீழே கட்டை போடுகிறோம். அந்தக் கட்டையை யாரும் விலைக்குக் கேட்பதில்லை. மழைத்தண்ணீர் உள்ளே வந்த அன்றுதான் கட்டையின் விலை தெரியும். தீ இன்சூரன்ஸுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுகிறோம். தீப்பிடிக்காத ஆண்டில் அந்தப் பணம் வீண் என்று எந்த நல்ல வியாபாரியும் சொல்ல மாட்டார். பாலத்தின் மேல் சும்மா கிடக்கும் பத்து டன் இரும்பும், சும்மா சுழலும் காற்றுக் கருவியும், வெள்ளம் வராத இரவிலும் நடக்கும் ரோந்துக்காரரும், லாரியை வழிமறிக்கும் சட்டமும் அந்த வகையைச் சேர்ந்தவைதான். ஒன்றும் நடக்காத நாட்களெல்லாம் அவை வேலை செய்த நாட்கள்.

ராமேஸ்வரம் கடைக்காரர் ஒரு நாள் தாமதமாக வந்தால் நமக்கு ஒரு நாள் வியாபாரம் தள்ளிப் போகிறது. அவர் வந்து சேர்ந்தால் பற்றுவரவு தொடரும். ஆகவே காற்றின் பேரில் ரயில் நின்ற நாளில், கொள்முதலுக்கு வர முடியாத தீவுக் கடைக்காரர்களுக்கு அன்றைய விலையையே மறுநாளும் கொடுக்கலாமா என்று மொத்த வியாபாரிகள் கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும். உயரப் பலகை பற்றிய மனுவையும், இந்த விலை ஏற்பாட்டையும் அடுத்த பொதுக்குழுவில் விவாதத்துக்கு வைக்கும்படி சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். உறுப்பினர்கள் தங்கள் பகுதியில் எழுத்து அழிந்த பலகைகளும், அடைபட்ட ரயில் பாதைச் சிறு பாலங்களும் எங்கெங்கே உள்ளன என்று குறித்து எடுத்து வந்தால் மனு வலுவாக அமையும்.